திறக்காத போத்திலும் நான் சொன்ன பொய்யும்

எல்லாருக்கும் வணக்கம். எப்பிடிச் சுகங்கள் பிள்ளையள்? இஞ்சை பலேர்மோவிலை இந்தக் கிழமை முழுக்க ஷிரோக்கோ காத்து. யன்னலைத் திறந்தால் அடுப்படியிலை நிக்கிறமாதிரி வெக்கை. பிரஷர் இருக்கிறவை தண்ணியைக் குடிச்சுக்கொண்டு வீட்டுக்குள்ளையே இருங்கோ. நான் இருக்கிறன், முழங்கால் மட்டும் சொல்லுக் கேக்குதில்லை.

இண்டைக்கு ஒரு போத்திலைப் பற்றி எழுதப்போறன். குகனேஸ்வரிக்கு என்ன குடிப் போத்தில் கதை எண்டு சிரிக்காதையுங்கோ. என்ரை நாக்கிலை ஒரு துளி பட்டதில்லை. ஆனா ஒரு வருஷமா என்னை அரிச்ச சாமான் அது.

நான் பத்து வருஷம் சிஞோர் கலோஜெரோ எண்ட கிழவரை அவற்றை வீட்டிலை நிண்டு பராமரிச்சனான். துறைமுகத்திலை பெரிய கப்பலுகளை இழுத்து விடுற படகிலை வேலை செய்து பென்சன் எடுத்த மனிசன். நல்ல பாரம். தனியாத் தூக்கிக் குளிக்கவாக்க என்னாலை ஏலாது. எங்கடை அவர், செல்வராசா, ஸ்தாசியோனே சென்ட்ராலே எண்ட பெரிய ரெயில் ஸ்டேசனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலை சட்டி கழுவிப்போட்டு நேர அங்கை வந்து தூக்கித் தருவார். ஒரு சதம் வாங்கினதில்லை. அதுக்காக ஒரு நத்தாருக்குச் சிஞோர் அலுமாரியைத் திறந்து ஒரு போத்தில் எடுத்துக் குடுத்தார். ஒரு அமெரிக்கக் கப்பல் கப்டன் அவருக்குக் குடுத்ததாம். போத்தில் வாய் முழுக்கச் சிவப்பு மெழுகு.

"செல்வா, இதை வித்துப்போடாதை. நீ வேலையை விடுற அண்டைக்கு உடைச்சுக் குடி" எண்டார். அடுத்த வருஷம் சிஞோர் செத்துப்போனார்.

இவர் அந்தப் போத்திலைக் கொண்டுவந்து அலுமாரியிலை, சாமிப்படத்துக்கு எதிர்ப்பக்கமா வைச்சார். சாமிக்கும் மரியாதை, போத்திலுக்கும் மரியாதை எண்டு பகிடி வேறை. பென்சன் வரட்டும், முதல் நாள் திறப்பன் எண்டு நாளை எண்ணிக்கொண்டு இருந்தவர்.

என்ரை மகன் யசிந்தன்தான் ஃபோனிலை படம் பிடிச்சுத் தேடினவன். "அம்மா, இது பர்பன். சோளத்திலை காய்ச்சுற அமெரிக்க விஸ்கி. இதைச் செய்த இடத்தைப் பூட்டிக் கனகாலமாம். உலகத்திலை மிச்சம் கொஞ்சம்தான். மெழுகு உடையாமல் இருந்தால் மூவாயிரம் யூரோவுக்குக் குறையாது" எண்டான். அதுக்குப் பிறகு அந்த அலுமாரியைத் தூசி தட்டேக்கையும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதான் தட்டினனான்.

பென்சனுக்கு ரெண்டு மாதம் இருக்கேக்கை இவருக்கு ஈரலிலை புற்று எண்டு சொல்லிச்சினம். கெதியாப் பரவிட்டுது. கடைசியிலை வீட்டிலை வைச்சுப் பாருங்கோ எண்டு அனுப்பிச்சினம்.

இனித்தான் நான் சொல்லவேண்டியது. அவசரமா எழுதுறன், மெதுவா எழுதினால் நிப்பாட்டிப்போடுவன்.

ஒரு புதன்கிழமை டொக்டர் வீட்டை வந்தவர். போகேக்கை என்னைக் குசினிக்குள்ளை கூப்பிட்டு, "சிஞோரா, இனி அவர் கேக்கிறதைக் குடுங்கோ. ஒரு மிடறு வைன் கேட்டாலும் குடுங்கோ. இனி ஒண்டும் கெடுக்காது" எண்டார். இருபத்திரெண்டு வருஷமா இத்தாலியன் கதைக்கிறன். எனக்கு வடிவா விளங்கினது.

அடுத்தநாள் வியாழன். இவர் கட்டிலிலை கிடந்துகொண்டு அலுமாரியைப் பாத்தார்.

"இஞ்சாரும், உந்தப் போத்திலை எடும். ஒரு மிடறு தாரும்."

"ஐயோ, டொக்டர் வேண்டாமெண்டிட்டார்."

"ஒரு மிடறும் கூடாதாமோ?"

"நாக்கிலை வைக்கவே கூடாதாம்."

"அப்ப சரி" எண்டார். "டொக்டர் சொன்னால் சரி." பிறகு ஒரு பகிடியும் விட்டார், "சிஞோர் மேலை போத்திலோடை காத்துக்கொண்டு நிப்பார், அங்கை டொக்டர் இல்லை" எண்டு. நானும் சிரிச்சனான். சனிக்கிழமை கண்ணை மூடிட்டார்.

என்ரை மனதிலை என்ன ஓடினது எண்டு கேப்பியள். வாடகை ஓடினது. மெழுகு உடைஞ்சால் போச்சு, ஒரு மிடறுக்கு மூவாயிரமோ எண்டு ஓடினது. அவர் இல்லாத வீட்டை அவருக்கு முன்னாலை இருந்தே கணக்குப் பாத்திருக்கிறன். எட்டாம் நாள் படையலுக்கும் கடையிலை மலிவா வித்த விஸ்கிதான் வாங்கி வைச்சனான். இந்த ஊரைக் காக்கிற சாந்தா ரொசாலியாட்டை வெறுங்காலோடை மலை ஏறி ரெண்டு தரம் போட்டு வந்தன். காலிலை கொப்புளம் போட்டுதே தவிர மனம் ஆறேல்லை.

இப்ப ஒரு வருஷம் முடிஞ்சு ஆட்டைத் திவசம் வந்தது. அதுக்கு ஒரு மாதத்துக்கு முன்னம் சூபென் வந்தான். யசிந்தன்ரை கூட்டாளி, மொரீசியஸ் பெடியன், ஒரு ஹோட்டல் பாரிலை வேலை. தமிழ் நாலு சொல்லுத்தான் தெரியும், மிச்சம் இத்தாலியன். என்னை ஸியா, அதாவது மாமி, எண்டு கூப்பிடுவான்.

"ஸியா, போத்தில் சேக்கிற ஒரு ஆள் இருக்கிறார். வித்தால் அவர் விலையைக் குறைப்பார். ஆனா அவரிட்டை ஒரு லாப்பா சும்மா நிக்குது. மாத்துவம் எண்டால் உடனை ஓமாம்."

லாப்பா எண்டால் இஞ்சத்தை மூண்டு சில்லு வண்டி. யசிந்தன் பல்லாரோச் சந்தையிலை மற்றவையின்ரை மரக்கறிப் பெட்டியைத் தோளிலை சுமக்கிறவன். முப்பத்திநாலு வயசிலை இடுப்பு, நாரி எல்லாம் பிடிச்சுப்போட்டுது. ஒரு லாப்பா இருந்தால் தானே சாமான் எடுத்துத் தெருத்தெருவா விக்கலாம். லாப்பா எண்டதும் அவன்ரை முகத்தைப் பாத்தன். நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது? ஓம் எண்டிட்டன். பிள்ளைக்குப் பிரயோசனப்பட்டால் அந்தப் பொய்யும் கொஞ்சம் நியாயமாகும் எண்டு எனக்குள்ளை ஒரு சமாதானம்.

திவசத்துக்கு மற்றநாள் ஞாயிறு. அண்டைக்கு மத்தியானம்தான் அசைவம் வைச்சுப் படைக்கிற மச்சப் படையல், பின்னேரம் நாலு மணிக்குச் சூபெனும் அந்த ஆளும் வருகினம். இவரின்ரை தங்கச்சி அம்பிகை மச்சாள் விடியவே வந்து நண்டுக்கறி, மரவள்ளி, எல்லாம் சமைச்சா. வாழையிலைக்குப் பதிலாப் பேப்பர் இலை விரிச்சுப் படைச்சம். ஒரு சிகரெட். நடுவிலை அந்தப் போத்தில். மூடினபடி.

மச்சாள் வாழைப்பழத்தின்ரை நுனியை உரிச்சா, சோடா மூடியைக் கழட்டினா. பிறகு போத்திலைப் பாத்தா.

"இதை ஆர் திறக்கிறது?"

"அது திறக்கேல்லை மாமி. அப்பாக்குக் காட்டிப்போட்டு எடுக்கிறம்" எண்டான் யசிந்தன்.

"காட்டுறதோ? அண்ணை என்ன கண்காட்சிக்கோ வாறார்? பூட்டின போத்திலை வைச்சுப்போட்டுக் குடி எண்டால் எப்பிடிக் குடிக்கிறது? பழத்தை உரிச்சனான் எல்லே? அதுமாதிரித்தான் இதுவும்."

"நாலு மணிக்கு ஆள் வாறார் மாமி. மெழுகு உடைஞ்சால் வேண்டார்."

"உங்களுக்கு வண்டி பெரிசாப் போச்சு. அந்த மனிசன் ஒரு மிடறு கேட்டுக் கிடந்தது. டொக்டர் மறிச்சபடியாலை பேசாமல் போனது. இப்ப எந்த டொக்டரடா மறிக்கிறார்?"

நான் கையிலை கற்பூரத் தட்டோடை நிண்டனான். தட்டைக் கீழை வைச்சன்.

"டொக்டர் மறிக்கேல்லை மச்சாள்" எண்டன். "குடுக்கச் சொன்னவர். நான்தான் பொய் சொன்னனான். விக்கலாம் எண்டு நினைச்சு."

கீழை ஆரோ பிள்ளையள் பந்தடிக்கிற சத்தம் கேட்டது. மச்சாள் என்னை அடிச்சிருந்தாலும் பரவாயில்லை எண்டு நிண்டன். அப்ப யசிந்தன் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னான்:

"எனக்குத் தெரியும் அம்மா."

"என்னடா தெரியும்?"

"டொக்டர் போகேக்கை படியிலை வைச்சு எனக்கும் அதைத்தான் சொன்னவர். அடுத்தநாள் நீங்கள் அப்பாட்டை அப்பிடிச் சொல்லேக்கை நான் மருந்துப் பையோடை கதவடியிலை நிண்டனான். வாய் திறக்கேல்லை. உள்ளுக்கை வந்து, இல்லையப்பா, குடிக்கலாம் எண்டு சொல்லியிருக்கலாம். நான் அந்த மாதமே லாப்பா விலை பாத்துக்கொண்டிருந்தனான்."

மச்சாள் கதிரையிலை இருந்திட்டா.

"ரெண்டு பேருமோ?" எண்டா. பிறகு, "அண்டைக்குப் பின்னேரம் அண்ணை எனக்கு ஃபோன் எடுத்தவர். போத்தில் கேட்டனான், அவள் தரேல்லை, டொக்டர் சொல்லை மீறமாட்டாள், நல்ல மனிசி எண்டு சொல்லிச் சிரிச்சவர்" எண்டா.

அவ குத்துறதுக்குச் சொல்லேல்லை. அதாலைதான் எனக்கு அப்பிடி வலிச்சது.

யசிந்தன் என்னைப் பாத்தான். வாயாலை கேக்கேல்லை, முகத்தாலை கேட்டான். நான் ஓம் எண்டு தலையாட்டினன். அவன் மரக்கறி வெட்டுற கத்தியை எடுத்து மெழுகைச் சுத்தி வெட்டினான். தக்கை பழசு, பாதியிலை முறிஞ்சு உள்ளுக்கை விழுந்திட்டுது. தேத்தண்ணி வடிதட்டாலை வடிச்சு வெள்ளித் தம்ளரிலை வாத்தம். எரிச்ச சீனியும் பழைய மரப்பெட்டியும் கலந்தமாதிரி ஒரு மணம். அவர் வந்து சாப்பிடட்டும் எண்டு வழக்கப்படி கதவைச் சாத்திப்போட்டு மூண்டு பேரும் பல்கனியிலை நிண்டம். ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை.

நாலு மணிக்குச் சூபென் அந்த ஆளோடை வந்தான். கீழை பச்சை லாப்பா. அந்த ஆள் மேசையிலை திறந்த போத்திலைக் கண்டிட்டு மதோன்னா எண்டு நெஞ்சிலை கை வைச்சார்.

"ஸியா, வடிதட்டாலையோ வடிச்சனீங்கள்?" எண்டான் சூபென். "இவருக்கு இப்ப அம்புலன்ஸ்தான் கூப்பிடவேணும்."

யசிந்தன் அவருக்கு மன்னிப்புக் கேட்டு, இது என்ரை தகப்பன்ரை, அவர் கேட்டவர் எண்டு சொன்னான். அந்த மனிசன் படத்தைப் பாத்தார், மாலையைப் பாத்தார், தொப்பியைக் கழட்டினார். இறங்கிப்போய் லாப்பாவை எடுத்துக்கொண்டு போயிட்டார். அந்தச் சத்தம் சந்தி திரும்புமட்டும் யசிந்தன் யன்னலடியிலை நிண்டு கேட்டவன்.

படைச்சதைப் பிறகு வீட்டாக்கள் எடுக்கவேணும். யசிந்தன் தம்ளரிலை ஒரு மிடறு குடிச்சான், கண் கலங்கிச்சுது, சாராயம் எரிச்சதெண்டான். மச்சாள் நண்டுக்கறியைப் போட்டுக் குடுத்தா. என்னை மன்னிச்சனெண்டு சொல்லேல்லை, கறி காணுமோ எண்டு மட்டும் கேட்டா.

மனம் ஆறிப்போச்செண்டு உங்களுக்கு எழுத ஆசைதான். ஆறேல்லை. இவர் கேட்டது வியாழக்கிழமை, நான் குடுத்தது ஒரு வருஷம் கழிச்சு. நேற்றும் என்ரை பிள்ளை தோளிலை பெட்டி சுமந்துபோட்டு வந்து நாரிக்கு எண்ணெய் பூசச் சொன்னவன். பூசிவிட்டன். ஆனா முந்தி மாதிரி ஒருத்தருக்கு ஒருத்தர் ஒளிச்சுக்கொண்டு இருக்கேல்லை, அது ஒண்டுதான்.

போத்திலிலை முக்காவாசி இன்னும் கிடக்குது. இனி விக்கவும் ஏலாது, மாத்தவும் ஏலாது. குடிக்க ஒருத்தருக்கும் மனமில்லை, ஊத்த எனக்குக் கை வருகுதில்லை.

நீங்களும் ஆருக்காவது, கேட்ட நேரத்திலை குடுக்காமல் பொத்தி வைச்சனீங்களோ? அதுக்குப் பிறகு என்ன செய்தனீங்கள்? வெக்கப்படாமல் கீழை எழுதுங்கோ பிள்ளையள். நான் ஒவ்வொண்டா இருந்து வாசிப்பன்.