அண்ணன் அனுப்பிய நண்டுகள்

ஆய்வுக்கூடத்துக்குப் பரிசோதனைக்காக வந்த நண்டுக் கூடையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, அது அண்ணன் கட்டு. கொடுக்குகளை மடக்கி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அடியில் சொருகியிருந்தான். ஆறு வருடமாக என்னோடு பேசாதவன். அவன் கைபட்ட கயிற்றை அவிழ்க்கவே மனசு வரவில்லை.

எங்கள் ஊர் ஓடையோர அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஈயமும் காட்மியமும் சேர்ந்திருக்கிறது என்று ஊர்க் கூட்டத்தில் அப்போது சொன்னது நான்தான். கழிவை ஓடையில் விட்ட தொழிற்சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் பிடித்த நண்டைத்தான் ஒரு வருடம் யாரும் சீந்தவில்லை. இனி என் முகத்தில் முழிக்காதே என்றுவிட்டான். ரோஷத்தில் நான் மட்டும் சளைத்தவளா? முழிக்கவில்லை. ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் அவனாக இருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

நண்டுகளை அறுத்து, உலர்த்தி, அமிலத்தில் கரைத்துப் பரிசோதித்தேன். ஓடையிலிருந்து எடுத்து வந்திருந்த சேற்றில் காட்மியம் முன்னைவிட அதிகம். நண்டில் ஒன்றுமே இல்லை. மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"நல்ல சேதிதானே, கையெழுத்தைப் போடும்மா" என்றார்.

அந்தச் சேற்றிலேயே கிடந்து தின்கிற நண்டு எப்படிச் சுத்தமாக இருக்கும்? எடுத்து வைத்திருந்த ஓடுகளைப் பார்த்தேன். வெளிறியிருந்தன. எங்கள் ஓடை நண்டின் ஓடு கறுத்திருக்கும். இவை முகத்துவாரத்து மணல் நண்டுகள். நண்டுக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். கயிற்றைப் பார்த்து உருகியதில் ஓட்டின் நிறத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

கூடையைக் கொண்டுவந்த டிரைவரைப் பிடித்தேன். அவர் ஓர் உளறுவாயர்.

"உங்க அண்ணன் யாருக்குன்னு கேட்டாரு. உங்க தங்கச்சிக்குத்தான், சோதிச்சது போக மிச்சத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்கன்னு சும்மா சொல்லிவச்சேன். அப்படின்னா நாளைக்கு வான்னுட்டாரு."

போனை எடுத்தேன். சண்டை போடத்தான் எடுத்தேன்.

"அண்ணே, நான்தான்."

"தெரியுது." அந்தக் குரலைக் கேட்டதும் கோபமெல்லாம் எங்கே போனதோ.

"ஓடை நண்டத்தானே கேட்டோம். ஏன் முகத்துவாரத்துக்குப் போனே?"

"அதப் போயி உனக்கு அனுப்புவேனா? விஷம்னு நீதானே சொன்னே."

அப்படியென்றால் நம்பியிருக்கிறான். ஆறு வருடமும் நம்பிக்கொண்டேதான் பேசாமல் இருந்திருக்கிறான்.

"வீட்டுல நீங்கள்லாம் எத சாப்பிடறீங்க?"

"இது என்ன கேள்வி? ஓடை நண்டுதான். அவ்வளவு தூரம் தினமும் படகு தள்ள முடியுமா?"

அந்த நண்டு எனக்கு வேண்டும். அதைச் சோதித்து உண்மையை எழுதினால் அவன் பிழைப்பில் மறுபடியும் மண் விழும், இந்தக் குரலும் மறுபடியும் போய்விடும். எழுதாவிட்டால் அவன் அதையே தின்றுகொண்டிருப்பான்.

"ஓடை நண்டு ஒரு டஜன் வேணும்ணே. பரிசோதிக்க."

அவனுக்கு விளங்காமலா இருக்கும்?

"அனுப்பறேன். நீ மட்டும் வாயில வச்சிடாதே."