ஏதென்ஸும் எங்கள் ஊர்க் கூட்டமும்

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி பேராசிரியர் சாம்பசிவன். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் கோட்பாடு சொல்லிக்கொடுக்கிறார். கடலோரத்தில் இருக்கும் எங்கள் மீனவ ஊரின் பஞ்சாயத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று 2003-ல் கேட்டபோது, "இது தியரி இல்லம்மா, ஊர்க்கதை. பக்கத்துல ஒரு கிரேக்கராவது வேணும்" என்றார். பிறகு வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்தார். ஐரோப்பாவுக்கு வெளியிலும் மனிதர்கள் யோசிப்பதுண்டு என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகராசன், நன்றாக இருக்கட்டும்! பழைய ஏதென்ஸின் மக்கள் சபையோடு ஒப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு என் தலைப்புக்கு உடனே அனுமதி கிடைத்தது.

சண்டை மூன்றாம் அத்தியாயத்தில் வந்தது. எங்கள் ஊரில் ஆம்பிள்ளை உள்ள வீடுதான் ஊர்வரி கட்டும். வரி கட்டும் வீட்டுக்குத்தான் கூட்டத்தில் பேச்சு, ஊருக்கு வரும் உதவியில் பங்கு. அப்பா போனபின் மீன் கூடை சுமந்து என்னைப் படிக்கவைத்த அம்மாவுக்கு, சுனாமி நிவாரணத்தில் ஒரு பாத்திரம்கூட வரவில்லை. கேட்கப் போனவளை வாயே திறக்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதைத்தான் எழுதியிருந்தேன்.

"எடுத்துடும்மா," என்றார் சார். "ஏதென்ஸ்லயும் பொம்பளைங்களுக்கு இடம் கிடையாது. கம்பேரிசன் எவ்ளோ அழகா பொருந்துது பாரு!"

"எங்கம்மா ஏதென்ஸ்ல மீன் விக்கல சார்," என்றேன். அத்தியாயத்தை எடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு நாளில் சார் புதிய ஆய்வுமுறை ஒன்றை அரங்கேற்றினார். எங்கள் ஊர்த் தலைவர் பாலகுருவை வரவழைத்து, சால்வை போர்த்தி, முன்வரிசையில் உட்காரவைத்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் கேட்டார்: "விதவைகளுக்கு ஏன் அங்க குரல் இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். "இன்னா சார், ஊர் விசயத்த பொண்ணாண்ட கேட்டுகினு? நான் சொல்றேன். வெண்ணிலா, நீ ஒக்காரு. எங்க ஊர்ல எல்லாருக்கும் குரல் கீது சார்."

சாம்பசிவன் சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இதுதான் ஆதென்டிக் வாய்ஸ்! குறுக்க பேசாதம்மா, உக்காரு."

தேர்வாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மூன்றாம் அத்தியாயத்தை நீக்கினால் இன்றே பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. உட்காரவில்லை.

"நீக்க மாட்டேன் சார். இப்ப நடந்ததையும் அதுல சேக்கப்போறேன். ஒப்பிட இனிமே ஏதென்ஸ் வேணாம், இந்த ரூமே போதும்," என்றேன்.

பட்டம் இன்றுவரை வரவில்லை.