வண்டி வந்ததும் எழுப்பு

வண்டி வாசலில் வந்து நின்றதும் அவள் முதலில் செய்த காரியம், அண்ணன் தூங்கும் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தியதுதான். ஆஸ்பத்திரியில் கண்விழித்த அலுப்புத் தீரத் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தான். வண்டி வந்ததும் எழுப்பு என்று அவளிடம்தான் சொல்லியிருந்தான்.

கூடத்தில் அப்பா கிடந்தார். மின்கம்பம் ஏறிப் பிள்ளைகளை வளர்த்தவருக்குக் கால்கள் குடைக்கம்பியாக இளைத்திருந்தன. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் காலையில் ஒரே பாட்டைத்தான் பாடினான். அப்பாவை ஒருத்தரும் தொந்தரவு பண்ண விடவில்லையாம், ராஜா மாதிரி படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டானாம். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக் குழாயோடு இருந்தவரைச் சீக்கிரமே உட்கார வைக்க வேண்டும் என்றவள் பிசியோதெரபிப் பெண். படுத்தே கிடந்தால் சதை கரைந்துவிடும், பிறகு குழாயை எடுத்தாலும் இருமத் தெம்பிருக்காது என்று விளக்கினாள். நர்ஸ் ஒருபுறமும் அந்தப் பெண் ஒருபுறமும் தாங்க, அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றினார். வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் படுக்க வைத்தபின், நாளைக்கும் என்று மகளிடம் விரலை உயர்த்திக் காட்டினார்.

மறுநாள் அண்ணன் வந்து வார்டையே இரண்டாக்கினான். சாகக் கிடக்கிற மனுஷனை வைத்து வித்தை காட்டுகிறாயா என்று அந்தப் பெண்ணை அழ வைத்தான். மூத்த பிள்ளை சொன்னபின் டாக்டரும் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார். தங்கை வாதாடிப் பார்த்தாள்.

"உனக்கென்ன தெரியும்? துணி தைக்கிற வேலையப் பாரு."

அப்பாவின் விரல் சில நாள் உயர்ந்து பார்த்தது, பிறகு அதுவும் நின்றது. குழாயை எடுத்தபோது நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமத்தான் பார்த்தார், காற்றுத்தான் வந்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா உங்கண்ணன்?" என்று, அப்பாவை வண்டியில் ஏற்றும்போது சித்தப்பா தேடினார்.

"முன்னாடியே போயிட்டான் சித்தப்பா. சுடுகாட்டுல ஏற்பாடெல்லாம் பாக்கணுமாம்."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே அவனைக் காணாமல் எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். போனையும் எடுக்கவில்லை. காத்திருக்க முடியாது என்று அங்கிருந்தவர்கள் சொல்லிவிட, அவளே முன்னால் நின்று கொள்ளி வைத்தாள்.

திரும்பியபோது அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தான்.

"என்னை ஏன் எழுப்பல?"

"அசந்து தூங்கிட்டிருந்த. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகம் வெளுத்தது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியாமல் அவளிடம் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைக் கடந்து உள்ளே போய், கூடத்தில் கிடந்த நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.