பின்சீட்டின் பாரம்

...இல்லை, அது இரண்டாவது வருடம், முதல் வருடம் எங்களிடம் மழைக்கோட்டே கிடையாது, ஆற்றுப்படுகையில் வண்டி சிக்கிக்கொண்டது அதற்கடுத்த வருடமாகத்தான் இருக்க வேண்டும், இதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாதவள் தினமும் நாட்குறிப்பு எழுதி என்ன கண்டேன்... மெக்கானிக் கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு ஒரு கால் குட்டை, அசைந்தால் டொக்கென்கிறது. எதிரே எங்கள் வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கிறது. மட்கார்டின் உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும் செம்மண்ணை மெக்கானிக் அண்ணன் ஸ்குரூ டிரைவரால் சுரண்டுகிறார், பட்டை பட்டையாக விழுகிறது, ஒன்றன்மேல் ஒன்றாக இத்தனை வருட மண், எந்தப் பட்டை எந்தப் பாதையினுடையது என்று யார் சொல்ல முடியும். மாலை வகுப்புக்கு நேரமாகிறது, ஆகட்டும், வண்டியை எடுக்காமல் போவதில்லை, சனிக்கிழமை அவன் வருகிறான். மழைக்கு முன்னால் வேறு ஊருக்கு வேலையை மாற்றிக்கொண்டு தனியாகப் போனவன், போனதிலிருந்து சாப்பிட்டியா, சரி தூங்கு என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசாத என் கணவன், நேற்று தானாகவே கூப்பிட்டு, "வண்டிய சர்வீஸ் விட்டு வை, சனிக்கிழமை வரேன். நம்ம பக்கம் ஒரு தடவ போய்ட்டு வரலாம். பேசணும்" என்றான். பேசணும் என்பதையும் அவன்தான் சொன்னான், அது என் காதில் விழாமல் இல்லை, ஆனால் போனை வைத்த பிறகு நான் பிடித்துக்கொண்டது நம்ம என்பதை மட்டும்தான்.

நம்ம பக்கம் என்றால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் தொடங்கும் அந்த மண்பாதைகள், முட்புதர்களும் குட்டையான கல்மலைகளும், கைவிட்ட கல்குவாரி, மாடுகள் மட்டும் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள். அங்கே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். "காசு குடுத்து முதுகெலும்ப ஒடிச்சிக்கிற ஜோடிய இப்பத்தாண்டி பாக்கிறேன்" என்பாள் அம்மா. நான் பின்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் பக்கம் திரும்பினோம் என்று குறித்துக்கொள்வேன், திரும்பி வரும்போது வழி சொல்ல வேண்டியது நான், சொல்லத் தெரியாமல் திணறுவதும் நான். "இடதுன்னு நினைக்கிறேன்... வலதாவும் இருக்கலாம்" என்பேன். "மேப்பே இப்படிப் பேசினா வண்டி என்னடி பண்ணும்" என்று அவன் சிரிப்பான், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு முதுகு வழியாகத்தான் எனக்கு வரும். அதிலிருந்து நான் அவனுக்கு மேப்பு. கடைத்தெருவிலும் மேப்பு, அவனுடைய அக்கா வீட்டிலும் மேப்பு. அந்தப் பெயரை அவன் கடைசியாக எப்போது சொன்னான்... நேற்றுச் சொன்னானா, இல்லை, நேற்று என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. வரைபடம் போடக் கற்றுக்கொள்ள மாலை வகுப்பில் சேர்ந்ததே அந்தப் பாதைகளை ஒருநாள் ஒழுங்காக வரைந்து அவனிடம் கொடுப்பதற்காகத்தான். ஆனால் காகிதத்தை எடுத்து வைத்தால் எனக்குத் தெரிவது அவன் சட்டையின் முதுகு, தோள் தையலில் படிந்த தூசி, காதுக்குப் பின்னால் வியர்வை ஓடிய கோடு. பாதையெல்லாம் இரண்டு பக்கமும் ஓரமாக ஓடிப்போகிறது. இந்த நிலத்தை எனக்குப் பிடிக்கும் என்று இத்தனை நாள் சொன்னது எதை...

"ஏம்மா, பின் ஸ்பிரிங்க எப்படி வைக்கணும்?" என்று மெக்கானிக் அண்ணன் கேட்கிறார். எனக்குப் புரியவில்லை. அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங்கின் அடியைக் காட்டுகிறார், படி படியாக வெட்டிய ஒரு வளையம், அதைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகுமாம், ஒருத்தர் மட்டும் ஓட்டினால் தளர்த்தி வைக்கலாம், பின்னால் ஆள் ஏறினால் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது அடி தட்டும். "ரெண்டு பேருக்குத்தான் அண்ணே, எப்பவும் போல" என்கிறேன், சொல்லும்போதே சந்தோஷமாக இருக்கிறது, ரெண்டு பேருக்கு என்று ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எப்பவும் போலன்னா... இது ஒருத்தருக்குல்ல இருக்கு. வெயில் ஆரம்பத்துலயே தம்பி வந்து தளர்த்தச் சொல்லிட்டாரே. நான்கூட, என்னப்பா வீட்ல கோவமான்னு கேட்டேன். இல்லண்ணே, இனிமே நான் மட்டும்தான்னாரு" என்கிறார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர் துணியை எடுத்துக் கை துடைக்க ஆரம்பித்தார், துடைத்த கையையே துடைக்கிறார்.

வெயில் ஆரம்பத்தில்... ஆனால் நாங்கள் அந்த வெயில் காலம் முழுக்கப் போனோமே, குவாரிக்குப் போனோம், ஆற்றுப்படுகைக்குப் போனோம், மலையைச் சுற்றிக்கொண்டு போகும் அந்த நீளப் பாதையிலும் போனோம். ஒவ்வொரு குழியிலும் இடுப்பில் யாரோ கட்டையால் அடித்தது போல இருந்தது, வீட்டுக்கு வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, இந்த வருடம் பாதை மிகவும் மோசமாகிவிட்டது என்று நானே எழுதினேன். அவனிடம் கேட்டேனே, ஏன் இப்படித் தூக்கிப் போடுது என்று. "ரோடு கெட்டுப்போச்சு" என்றான். பிறகு கொஞ்ச தூரம் போனதும் வண்டியை மெதுவாக்கி, "வலிக்குதா?" என்று கேட்டான், அவ்வளவு மெதுவாகக் கேட்டான், நான் அவன் முதுகில் கன்னத்தை வைத்து இல்லை என்றேன், எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். இல்லை, அவசரப்படக் கூடாது, அவன் தினமும் வேலைக்குத் தனியாகத்தானே போனான், அதற்காகத் தளர்த்தியிருக்கலாம், பிறகு மறந்திருக்கலாம், மெக்கானிக் அண்ணன் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசலாம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்ப்பவர்... பார்த்ததை மட்டும் வரை, நினைத்ததை வரையாதே என்று வகுப்பில் வாத்தியார் சொல்வார். நான் பார்த்தது எது, அவன் முதுகு. முதுகு என்ன முகமா, அதில் என்ன தெரியும். இனிமே நான் மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்ட ஒருவன் அதன்பிறகும் என்னை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் எல்லாம் எதற்குப் போனான், பாவம் பார்த்தா, சொல்ல வாய் வராமலா, இல்லை நானாக ஒருநாள் போதும் என்று சொல்லி இறங்கிவிடுவேன் என்றா. நான்தான் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தேனே.

"அத அப்புறம் பாத்துக்கலாம்மா, ஏறி உக்காருங்க, பிரேக் பாக்கணும்" என்று அவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குகிறார். நான் காலைத் தூக்கிப் போட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "பிரேக் முன்னாடிதாம்மா இருக்கு" என்கிறார். நகர்ந்து முன்னால் வருகிறேன். சீட்டு இங்கே குழிந்திருக்கிறது, அவன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி, எனக்கு அது பெரிது. கைப்பிடியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஒரு முறை ஓட்டக் கேட்டபோது உனக்குக் கால் எட்டாது என்றான், நானும் எட்டாது என்றே வைத்துக்கொண்டேன், இப்போது இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருக்கின்றன. "நல்லாத்தானே எட்டுது" என்கிறார் மெக்கானிக் அண்ணன், "ஸ்பிரிங் தளர்வா இருக்கிறதால தாழ்ந்து நிக்குது. இறுக்கினா கொஞ்சம் ஏறும், அப்ப நுனிக்கால்தான் ஊனணும். என்ன செய்யட்டும்?"

அவர் கையில் அந்த வளையத்தைத் திருப்பும் வளைந்த ஸ்பேனர் இருக்கிறது. சனிக்கிழமை அவன் வந்து இந்த இடத்தில்தான் உட்காருவான், திரும்பிப் பார்க்காமல் ஏறு என்பான், பேச வேண்டியதை அந்தப் பாதையில் எங்காவது நிறுத்திப் பேசுவான், அல்லது ஓட்டிக்கொண்டே பேசுவான், முகத்தைக் காட்டாமல் சொல்ல அதுதான் வசதி. எல்லாம் தெரிந்துகொண்டும் நான் பின்னால் ஏறுவேனா என்று கேட்டுப் பார்க்கிறேன், ஏறமாட்டேன் என்று பதில் வரும் என்று காத்திருக்கிறேன்... ஏறுவேன் என்றுதான் தோன்றுகிறது.