அணைப்புள்ளிக்கு ஆதாரம்

காசிலிங்கம் இணையக் கலைக்களஞ்சியத்தில் நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதியவர். கால்வாய், மடை, அணைக்கட்டு, களக்காட்டு வாழை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்துகொண்டு, ஏழு வருஷமாக, யாரும் கேட்காமலே உலகத்துக்கு அறிவூட்டி வந்தார். உலகம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் மனைவி பொன்செல்வியே கவனிக்கவில்லை. ஒன்றையாவது படித்துப் பாரேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். மடையைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று அவள் அரிசி களையப் போய்விடுவாள். அவள் ஒரே ஒரு தடவை படித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

நூற்றுப் பதிமூன்றாவது கட்டுரையில்தான் வினை வந்தது. தலைப்பு 'அணைப்புள்ளி'. மணிமுத்தாறு அணையின் நீர்மட்டம் தினமும் காலைப் பத்திரிகையில் வரும், எண்பத்தேழு புள்ளி மூன்று ஐந்து அடி என்பதுபோல. அதன் கடைசி எண் நாளைக்கு என்னவாக இருக்கும் என்று இன்றைக்கே பணம் கட்டுவதுதான் ஆட்டம். சட்டப்படி குற்றம். ஆனாலும் கல்லிடைக்குறிச்சிச் சாலையில் கனியின் டீக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டீக்காக வருவதில்லை. மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த செந்தில்முருகன் மலையில் மேகம் பார்த்துவிட்டுத்தான் எண் சொல்வான். மேகத்துக்கும் கடைசி எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

காசிலிங்கம் ஒருநாளும் பணம் கட்டியதில்லை. தள்ளி நின்று பார்த்து எழுதினார். அதில் ஒரு வாக்கியம் அவரையே சொக்க வைத்தது: 'மழை பொய்க்கலாம், மடை வறளலாம், விடிந்தால் அணைக்கு ஒரு புள்ளி உண்டு, அந்தப் புள்ளியை நம்பி ஓர் ஊர் உண்டு.' மூன்று முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டார்.

மறுநாளே, தூத்துக்குடியிலிருந்து எழுதும் ரெக்சன் என்பவர் கட்டுரையை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்துவிட்டார். ஒரு டீக்கடைச் சூதாட்டத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் என்ன வேலை, அச்சில் வந்த ஆதாரம் ஒன்றாவது உண்டா, நாற்பது ஆண்டுகளாக ஆடப்படுகிறது என்று யார் சொன்னது என்றெல்லாம் கேட்டிருந்தார். கடைசியாக, மழை பொய்க்கலாம் என்று தொடங்கும் வாக்கியம் கலைக்களஞ்சிய நடையே அல்ல என்றும் எழுதியிருந்தார். ஏழு நாள் கெடு.

நாற்பது ஆண்டு என்று யாரும் சொல்லவில்லை. முப்பதைவிட எடுப்பாக இருந்ததால் காசிலிங்கமே போட்டுக்கொண்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், அந்த வாக்கியத்தைக் குறை சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. நூலகத்தில் நாலு நாள் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். தும்மல்தான் மிச்சம். களவும் கற்று மற என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள், எழுதி வை என்று சொல்லவில்லையே.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பணம் கட்டுகிறவர்களுக்குக் கனி எண் எழுதித் தரும் சீட்டில் ஒன்றை வாங்கி, மறுநாள் பத்திரிகையோடு சேர்த்துப் படம் எடுத்துப் போட்டால் அது ஆதாரம்தானே? கனியிடம் போய் நாலாம் எண்ணுக்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது.

காலையில் கனியின் கடையில் செந்தில்முருகன் பத்திரிகையை விரித்தான். கடைசி எண் நாலு. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில்கூட ஆறுதல் பரிசு வாங்காத மனுஷர் காசிலிங்கம். படம், ஆதாரம், கலைக்களஞ்சியம் எல்லாம் மறந்துபோயின. சீட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலர்கள் வந்து இறங்கியபோதும் அப்படியேதான் நின்றார்.

கட்டுரை எழுதுவதற்காகத்தான் வாங்கினேன் என்று ஸ்டேஷனில் சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"எழுதுதவரு எழுத வேண்டியதுதானவே. சீட்ட எதுக்குத் தலைக்கு மேல தூக்குனீரு?"

ஜெயித்த சீட்டு தடயப் பொருளாகப் போனது. மச்சினன் வந்து கையெழுத்துப் போட்டு ஜாமீனில் கூட்டிக்கொண்டு போனான். பொன்செல்வியிடமும் எழுதுவதற்குத்தான் என்று சொன்னார். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏழாம் நாள் காலைப் பத்திரிகையில் செய்தி வந்தது. கைதான ஆறு பேரில் இரண்டாவது பெயர் அவருடையது. பத்திரிகையை ஒளித்து வைக்கலாம் என்று மடிக்கப் போனவர், கீழே கண்ணை ஓட்டினார். அணைப்புள்ளி என்றால் என்ன என்று நிருபர் இணையத்தில் தேடியிருப்பார் போலிருக்கிறது. மூன்று பத்தி, எழுத்துக்கு எழுத்து காசிலிங்கம் எழுதியது. மழை பொய்க்கலாம், மடை வறளலாம், எல்லாம் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சில் வந்துவிட்டது, ஆதாரம் கிடைத்துவிட்டது.

ஆனால் அதைக் காட்டினால் தன் பெயரும் சேர்ந்தல்லவா வெளியே போகும்? கொஞ்ச நேரம் யோசித்தார். தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்று செய்தியின் இணைய இணைப்பை ரெக்சனுக்குப் பதிலாகப் போட்டுவிட்டார்.

மதியம் ரெக்சனிடமிருந்து பதில் வந்தது. 'செய்தியைப் படித்தேன். ஆட்டத்தைப் பற்றி அதில் இருப்பது முழுக்க உங்கள் கட்டுரையில் உள்ளதுதான், யாரும் சொல்லாத அந்த நாற்பது ஆண்டு உட்பட. புதிய தகவல் கைதானவர்களின் பெயர்கள் மட்டுமே. தங்கள் உழைப்புக்கு நன்றி.' மூன்று மணிக்குக் கட்டுரையை நீக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பொன்செல்வி பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன வரப்போகிறதோ என்று காசிலிங்கம் வாசலிலேயே நின்றார்.

"ஒங்க பேரு வந்திருக்கேன்னு கடைசி வரைக்கும் படிச்சேன்," என்றாள். "மானம் போனது போச்சு. ஆனா எழுதுனவன் கெட்டிக்காரன். 'அந்தப் புள்ளியை நம்பி ஓர் ஊர் உண்டு'ன்னு எழுதியிருக்கான் பாருங்க, மனசு என்னமோ செய்யுது. நீங்களுந்தான் ஏழு வருசமா எழுதுதீங்க."

காசிலிங்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். ஏழு வருஷமாக எதற்குக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது, விலாசம் மாறி.

"அது நான் எழுதுனது," என்றார்.

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "சீட்டையும் எழுதுததுக்குத்தான் வாங்குனேன்னு சொன்னீங்க. எங்க, காட்டுங்க பாப்போம்."

அவர் எல்லாவற்றையும் மறந்து, அவசர அவசரமாகக் கைப்பேசியை எடுத்து, அணைப்புள்ளி என்று தட்டி, அவள் கையில் கொடுத்தார். அவள் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். இந்தத் தலைப்பில் கட்டுரை எதுவும் இல்லை, விரும்பினால் நீங்கள் எழுதலாம் என்று இருந்தது.