அண்ணனிடம் மட்டும் சொன்ன இடம்

கிளெமென்ட் அண்ணன் சீலாக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும், ஜூலியா வழக்கம்போல் சன்னலைச் சாத்தப் போனாள். கடற்கரை ஊரை விட்டுப் பெருநகரின் பிரேசர் டவுனில் இந்த மாடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஊர்க் கருவாட்டை அவள் சன்னல் சாத்தித்தான் வறுத்திருக்கிறாள். இன்று ஏனோ மனம் வரவில்லை. திறந்தே விட்டுவிட்டு வாணலியை அடுப்பில் வைத்தாள்.

அண்ணன் தன் மகள் ஐரினை விடுதியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். ஊருக்கு நேரே கடலுக்குள் காற்றாலைகள் வரப்போகின்றன. அவற்றைப் பராமரிக்கும் படிப்பில் ஐரினுக்கு இடம் கிடைத்திருந்தது. கடலை நம்பியே வாழ்ந்த குடும்பத்தில், கடலுக்குள் சம்பளத்துக்குப் போகப்போகிற முதல் பெண். அந்தக் காற்றாலைகள் எங்கெங்கே நிற்கும் என்று குறிக்கும் வேலை ஜூலியாவின் அலுவலகத்துக்கு வந்திருந்தது.

மடிக்கணினியில் அவள் காட்டிய கடல் வெறும் நீலமாக இருந்தது. அதன்மேல் வரிசையாகப் புள்ளிகள்.

"மீன் பிடிக்கிற இடமே இல்லன்னு போட்டிருக்காங்கண்ணே. கேக்க வந்தவங்ககிட்ட ஊர்ல ஒருத்தர்கூட பார் இருக்குன்னு சொல்லலையாம்."

"எவன் சொல்லுவான்?" என்று அண்ணன் சிரித்தார்.

பார் என்பது கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று உண்டு. கரையில் தெரிகிற அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கோட்டில் சேர்த்து அதைக் கண்டுபிடிப்பார்கள். அடுத்த வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். அப்பா அண்ணனிடம் மட்டும் சொன்னார். சிறுமி ஜூலியா அழுது கேட்டபோது, "நீ வேற ஊருக்குப் போற பிள்ளலா" என்று தலையைத் தடவிவிட்டு, அந்தப் பாரில் பிடித்த கலவா மீனைத் தேங்காய் மட்டையில் சுட்டு, முள் எடுத்து ஊட்டினார். அந்தப் புகை மணம் அவளுக்கு இன்றும் ஜெப நேரங்களில் நினைவுக்கு வரும்.

"நாளைக்கு இத அனுப்பிருவாங்கண்ணே. இப்பவே சொன்னா காத்தாலைத் தூணைத் தள்ளி நடச் சொல்லலாம்."

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். மறுநாளே அடுத்த வீட்டு ஓஸ்வால்ட் அங்க வலையோட நிப்பான்."

"சொல்லலன்னா தூண் நிக்கும்."

 அப்போது கீழ்வீட்டு ஃபாத்திமாவின் குரல் சன்னல் வழியே ஏறி வந்தது. "ஜூலியா, கருவாடா? இத்தினி வருசமா எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தே? நமக்கும் ரெண்டு துண்டு அனுப்பு!"

ஜூலியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெரிய துண்டுகளாக எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பியபோது கோயிலில் மாலை மணி அடித்தது. அண்ணன் எழுந்து நின்று சிலுவை போட்டார். மணி ஓய்ந்தும் உட்காரவில்லை.

"நம்ம பார மட்டும் காப்பாத்திட்டு, மத்தவன் பாருல தூண நட்டா, பூசைக்கு எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவேன்? நாம மொதல்ல சொன்னாத்தாம் மத்தவனும் சொல்லுவான்." என்றபடி கைபேசியை எடுத்தார். "எலேய் ஓஸ்வால்ட், நல்லாக் கேட்டுக்கோ. மாதா கோயில் சிலுவ ஒத்தப் பனைக்கு மேல ஏறணும். தெக்க லைட்டவுஸ் தேரிமேட்டத் தொடணும். ரெண்டும் ஒண்ணாத் தெரியுத எடம்தாம் எங்க அப்பா பாரு."

அப்பா சொல்லாத இடம் அப்படித்தான் ஜூலியாவின் காதில் விழுந்தது.

"குடிச்சிருக்கியாலே?" என்றது மறுமுனை.

"இல்லலே." தூண் சமாச்சாரத்தை விளக்கிவிட்டு அண்ணன் சொன்னார்: "ஒன் பார எனக்குச் சொல்லாண்டாம். எந் தங்கச்சிட்ட சொல்லு. நான் காதப் பொத்திக்கிடுதேன்."

கைபேசியை அவளிடம் நீட்டிவிட்டு பால்கனிக்குப் போனார். இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டு, பழக்கத்தில் ஒரு கண்ணை மூடி, கோயில் கோபுரத்தை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகக் கொண்டுவர மெல்ல நகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, சொல்லுங்க" என்றாள் ஜூலியா.

 மறுமுனையில் ஓஸ்வால்ட் கரையில்தான் நின்றிருக்க வேண்டும். அலை ஒன்று வந்து உடைந்து, மணலில் இழுபட்டுத் திரும்பிப் போவது அவளுக்குக் கேட்டது.