உதிரி இல்லாத பாகம்

ஜோர்டானில் இர்பித் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வயது முப்பது. இன்னும் பத்து வருஷம் ஓட்டலாமா, இழுத்து மூடிவிடலாமா என்று பார்த்துச் சொல்ல அம்மானிலிருந்து இன்ஜினியர் நிஸ்ரீன் வந்தார். மூன்று நாள் குழாய், தொட்டி, சுவர் என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். எல்லாம் தேறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருபத்தாறு வருஷமாக இங்கே ஷிப்ட் தலைவர் நான்தானே.

நாலாம் நாள் எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டார். “மூணாம் பம்பு நின்னுட்டா யாரு ஓட வைப்பீங்க?”

“அபூ ஸுஹைர்,” என்றார்கள் ஒரே குரலில். அது நான்.

“அவர் லீவுல இருந்தா?”

“போன் போடுவோம். மக கல்யாணத்தன்னைக்குக்கூட ஓடி வந்தாரே.”

மீசையைத் தடவிக்கொண்டேன். நிஸ்ரீன், பழசாகிப்போன சாமான்களின் பட்டியலில் ஒரு வரி எழுதி என் பக்கம் திருப்பினார்: ‘அபூ ஸுஹைர், வயது 58. உதிரி இல்லை.’

“இப்படியே இருந்தா மூடச் சொல்லித்தான் எழுதணும். போனைக் குடுங்க. சாயங்காலம் வரைக்கும் காவலாளி ரூம்ல உக்காந்து டீ குடிங்க.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போய் உட்கார்ந்தேன். நாலு டீ உள்ளே போனது. பதினொரு மணிக்கு மூன்றாம் பம்பை நிஸ்ரீனே நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் நான் எழுந்துவிட்டேன்.

காவலாளி கதவை மறித்தான். “உக்காருய்யா. நீ போனா இருபது பேரு பொழப்பு போயிடும்.”

எனக்கு இரண்டு பயம். பம்பு ஓடாமல் போய்விடுமோ என்று ஒன்று. ஓடிவிடுமோ என்று இன்னொன்று.

ஏழு நிமிஷம். பம்பு இருமியது. பிறகு ஓடியது.

காவலாளி வழி விட்டதும் ஓடிப் போய்ப் பார்த்தால், எனக்குக் கீழே வேலை பார்க்கும் ரக்தாவின் நோட்டை நிஸ்ரீன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். “வால்வைப் பாதி மூடு. முப்பது எண்ணு. ஸ்விட்ச் பெட்டியின் இடது மூலையில் குதிகாலால் ஒரு உதை.”

“எங்கிட்ட கேட்டா சொல்லமாட்டேனா?” என்றேன் ரக்தாவிடம்.

“மூணு தடவ கேட்டேன், அபூ ஸுஹைர். டீ போட்டுட்டு வான்னீங்க. அதான் பக்கத்துல நின்னு பாத்து எழுதிக்கிட்டேன்.”

நிலையத்துக்குப் பத்து வருஷம் கிடைத்தது, உதை வாங்கும் பெட்டியை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்த வெள்ளிக்கிழமை லீவில் வீட்டில் இருந்தேன். பொழுது சாயும்வரை போன் அடிக்கவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். நிறையவே இருந்தது.